பாஜீயின் அகப்பை

யங்கூனில் சமையல் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே பாஜீ என்னிடம் தமிழில் பேசினார். பேசினார் என்று நான்தான் மரியாதையாகச் சொல்கிறேன். “ஏ, நில்லு. எங்க போறே? இங்கிட்டு வா. தண்ணி குடி” என்றார். எனக்கு அப்போது நாற்பது தாண்டிவிட்டது. புருஷனைப் பறிகொடுத்தவள், கோயில் மண்டபத்தில் பிள்ளைகளுக்கு அரிச்சுவடி சொல்லிக்கொடுத்தவள். வடக்கு மலையிலிருந்து வந்த ஒரு கிழவர் என்னை இப்படி அதட்டுவதா என்று உர்ரென்று நின்றேன். அவருடைய டிரைவர்தான் என்னை ஓரமாக அழைத்து விஷயத்தைச் சொன்னார். பாஜீயின் அப்பாவிடம் கோவேறு கழுதைகள் இருந்தன. உலக யுத்தம் முடிந்து வெள்ளைக்காரப் பட்டாளம் விட்டுவிட்டுப் போன தமிழர்கள் இரண்டு பேர் அவற்றை ஓட்டினார்கள். அவர்கள் கழுதைகளிடம் பேசியதைக் கேட்டுத்தான் பாஜீ தமிழ் கற்றுக்கொண்டார். ஆகவே நில், வா, குடி, தின், பள்ளம் பார்த்துப் போ என்பதெல்லாம் அவருக்குத் தண்ணீர்பட்ட பாடு. ‘ங்க’ போட்டுப் பேசத்தான் தெரியாது. கழுதைக்கு யார் ‘ங்க’ போடுவார்கள்?

பாஜீ என்றால் பர்மியத்தில் பெரியப்பா. டிரைவரும், வாசலில் நின்ற காவல்காரர்களும், மலையிலிருந்து அவரைப் பார்க்க வந்தவர்களும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். நானும் கூப்பிட்டேன். என்னை அவர் கடைசிவரை ‘ஏ புள்ள’ என்றுதான் கூப்பிட்டார். முதலில் எரிச்சலாக இருந்தது. இப்போது அப்படிக் கூப்பிட ஆளில்லை.

வடக்கே ஒரு பள்ளத்தாக்கு முழுக்க அவர் சொன்னதுதான் சட்டம். அவரை யாரும் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கவில்லை, யாரும் நியமிக்கவும் இல்லை. அவர் குதிரையில் ஏறினால் பின்னால் அத்தனை வீட்டு ஆம்பிளைகளும் ஏறினார்கள், அவ்வளவுதான். இளவட்டமாக இருந்தபோது தொடங்கிய சண்டை, தலை நரைக்கும்வரை நடந்தது. அரசாங்கப் பட்டாளத்தோடு சண்டை, பக்கத்து மலைக்காரனோடு சண்டை, பிறகு அவனோடு சேர்ந்து சொந்த மைத்துனனோடு சண்டை. பிற்பாடு ஒரு வார இதழில் தென் அமெரிக்காவின் உள்நாட்டுப் போர்களைப் பற்றிப் படித்தேன். குதிரை ஏறிய தலைவனும், அவன் பின்னால் அவனுக்காகவே சாகத் துணிந்த ஆட்களும் என்று எழுதியிருந்தது. அங்கே அப்படிப்பட்டவனுக்குக் ‘கௌதில்யோ’ என்று பெயராம். ஆள் நம்மவர்தான், தொப்பி மட்டும் வேறு என்று நினைத்துக்கொண்டேன்.

எண்பத்தெட்டில் நாடெங்கும் நடந்த கலவரத்துக்குப் பிறகு, மேலிடத்திலிருந்த பட்டாள அரசாங்கம் மலைத் தலைவர்களோடு ஒவ்வொருவராகச் சமாதானம் பேசியது. பாஜீயும் கையெழுத்துப் போட்டார். பதிலுக்கு யங்கூனில் எட்டு மைல் என்ற பேட்டையில் மதில் வைத்த ஒரு வீடு, ஒரு பழைய கார், வாசலில் ‘பாதுகாப்புக்கு’ இரண்டு பேர். ஊருக்குள் எங்கே வேண்டுமானாலும் போகலாம். மலைக்குப் போக மட்டும் அனுமதி கேட்க வேண்டும். கேட்டால், மழை முடியட்டும் என்பார்கள். மழை முடிந்ததும் கேட்டால், பாதை சரியில்லை என்பார்கள். கெட்டும் பட்டணம் சேர் என்று நம் ஆட்கள் சொல்வார்கள். இவர் பட்டணம் சேர்ந்தார். கெட்டதாக மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை. தன் ஊரை ஒரு தடவையாவது பார்த்துவிட்டுச் சாக வேண்டும் என்பதைத் தவிர அவருக்கு வேறு ஆசை இருந்ததாக எனக்குத் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அந்த வீடு நிறைந்துவிடும். ஆஸ்பத்திரிக்கு வந்தவன், கோர்ட்டுக்கு வந்தவன், வேலை தேடி வந்தவன் என்று மலை ஆட்கள் யாராவது வந்துகொண்டே இருப்பார்கள். காலையிலேயே பெரிய பானையை அடுப்பில் ஏற்றிவிடுவேன். சோறு, கோழி, கடுகுக் கீரை, பிறகு அவர்கள் ஊரின் புளித்த சோயா வில்லை. அதை அடுப்பில் வாட்டினால் எழும் நாற்றத்துக்கு நம் மீன்சாந்து நாப்பியே சந்தனம். கூடத்தில் பாய் விரித்து எல்லோரும் உட்காருவார்கள். பானைக்குப் பக்கத்தில் பாஜீ உட்காருவார்.

மூன்றாவது ஞாயிறோ நான்காவதோ, நான் ஒரு காரியம் செய்தேன். கடைசி வரிசையில் ஒருவர் தட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பாஜீ யாருடனோ பேசிக்கொண்டிருந்தார். விருந்தாளி தட்டு காலியாக இருந்தால் நம் வீட்டுப் பெண்களுக்குக் கை சும்மா இருக்காது. இன்னொரு அகப்பையை எடுத்துச் சோற்றை அள்ளி அவர் தட்டில் வைத்துவிட்டேன். அந்த மனிதர் முகத்தில் ரத்தமே இல்லை. தட்டைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போய் வாசல் மரத்தடியில் உட்கார்ந்துகொண்டார். என் கை பட்டால் தீட்டா என்று எனக்குச் சுருக்கென்றது. நானும் அகப்பையை வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டேன்.

பாஜீ என் பின்னாலேயே வந்தார்.

“ஏ புள்ள, என்ன செஞ்சே நீ? அவன அவுத்து விட்டுட்டியே.”

“சோறுதானே வச்சேன்? வெசத்தையா வச்சேன்?”

“மொத அகப்பை நான் போடணும். நான் இருக்கையில வேற கை போட்டா, அவன் என் ஆளு இல்ல. போ, இனிமே உனக்கும் எனக்கும் ஒண்ணுமில்லன்னு அர்த்தம்.”

முதல் அகப்பைச் சோறு பாஜீ கையால் விழுந்தால் நீ அவர் ஆள். உன் கஷ்டம் அவருடையது, அவர் கூப்பிட்டால் நீ வர வேண்டும். ஒவ்வொரு முறை கூடி உண்ணும்போதும் அது புதுப்பிக்கப்படும். அவர் முன்னால் வேறு ஒருவர் போட்டால் நீ விடுதலை. இரண்டு பக்கமும் பாக்கி இல்லை. இரண்டாவது அகப்பையை யார் போட்டாலும் ஒன்றுதான். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று நாம் சொல்வதை இவர்கள் அப்படியே சட்டமாக்கி வைத்திருந்தார்கள். பாஜீ அந்தத் தட்டை எடுத்துக்கொண்டு மரத்தடிக்குப் போனார். சோற்றைக் கோழிகளுக்குக் கொட்டிவிட்டு, தன் கையால் புதிதாகப் போட்டார். அந்த மனிதர் அழுதுகொண்டே சாப்பிட்டார். நான் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மலையில் சண்டை நடந்த காலத்தில் சிலரை வேண்டுமென்றே அப்படி விட்டிருக்கிறார். பிக்குவாகப் போக விரும்பிய ஒருவனை. இரண்டு பிள்ளைகளைச் சண்டையில் கொடுத்துவிட்டு மூன்றாமவனோடு நின்ற ஒரு தகப்பனை. காட்டிக்கொடுத்த ஒருவனையும்தான். “அவனுக்கு, அப்ப உசிரோட இருந்த என் பொண்டாட்டி சோறு போட்டா. அவன் தின்னான். அந்த வாரமே யாரோ சுட்டுட்டாங்க. யாருன்னு நான் கேக்கல” என்றார். கீரை ஆய்ந்துகொண்டிருந்த என் கை நின்றது. அவர் நல்லவர் என்று நான் எங்கும் எழுத மாட்டேன். ஒரு தடவை ஒரு மலைக்காரப் பெண் வாசலில் நின்று அவரைச் சபித்துவிட்டுப் போனாள். காவல்காரர்கள் விரட்டப் போனபோது, பேசட்டும் விடு என்று தடுத்தார். அவள் குரல் ஓயும்வரை வராந்தாவில் தலை குனிந்து நின்றார். அவள் என்ன சொன்னாள் என்று டிரைவரும் சொல்லவில்லை, நானும் துருவவில்லை.

மத்தியானம் வேலை ஓய்ந்த நேரத்தில் அடுப்படி முக்காலியில் வந்து உட்காருவார். கதை சொல்கிறேன் என்று தொடங்க மாட்டார். பாதியிலிருந்து வரும். “ஆத்துல தண்ணி நெஞ்சு மட்டும். குதிர வரமாட்டேங்குது. அது காதுல பாடினேன். வந்துச்சு.” என்ன பாடினீர்கள் என்றால் சிரிப்பார். தமிழ் தீர்ந்ததும் பர்மியத்துக்குத் தாவுவார், பர்மியம் தீர்ந்தால் அவர் மொழி. அதில் எனக்கு ஒரு சொல்லும் தெரியாது. ஆனால் அந்த மொழிக்குப் போகும்போதுதான் அவர் முகம் இளகும் என்பதால், நான் தெரிந்ததுபோல் தலையாட்டிக்கொண்டு வெங்காயம் உரிப்பேன்.

சில சனிக்கிழமைகளில் மீன் வாங்க க்யிம்யிண்டைங் சந்தைக்குப் போகும்போது அவரும் காரில் ஏறிக்கொள்வார். மீனைப் பார்க்க மாட்டார். துறையில் போய் நின்று ஆற்றைப் பார்ப்பார். மேலே இருந்து மூங்கிலும் சட்டிபானையும் ஏற்றிய படகுகள் வரும். “இந்தத் தண்ணி எங்க ஊர்லேருந்து வருது” என்றார் ஒருநாள். டிரைவர் அவர் ஊர்க்காரர்தான். ஆனாலும் உண்மை விளம்பி. உங்கள் ஆறு வேறு திசையில் போகிறது பாஜீ, இது அது இல்லை என்றார். பாஜீ அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “இருக்கட்டும்” என்று சொல்லிவிட்டுக் குனிந்து ஒரு கை தண்ணீர் அள்ளி முகத்தில் விட்டுக்கொண்டார். அந்தச் சேற்றுத் தண்ணீரை! வீட்டுக்கு வந்ததும் சோப்புப் போட்டு முகம் கழுவச் சொல்லிச் சண்டை பிடித்தேன். அவர் கழுவவில்லை.

என் வீடு தாகேதாவில். இரண்டு பஸ் மாற வேண்டும். மழைக்காலத்தில் வார்டு முழுக்கத் தண்ணீர் நிற்கும். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்து போய்க் கதவைத் திறந்தால் உள்ளே யாரும் இல்லை. புருஷன் போன பிறகு பல வருடம் அந்த இருட்டு எனக்குப் பழகியிருந்தது. பாஜீ வீட்டில் வேலைக்குச் சேர்ந்த பிறகு பழக்கம் விட்டுப்போனது. எட்டு மைலில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் எட்டி நடை போடுவேன். இந்த வயதில் இதற்கு என்ன பெயர் வைப்பது? எனக்கு அவரைப் பிடித்திருந்தது. பெரியப்பா என்று கூப்பிட்டுக்கொண்டே பிடித்திருந்தது. அதைத் தாண்டி ஒன்றும் நடக்கவில்லை, நடக்க வேண்டும் என்றும் நான் கேட்கவில்லை. ஆனால் இல்லை என்று சொன்னால் பொய்.

அவர் தனக்குத் தானே சோறு போட்டுக்கொள்வார். அதுதான் எனக்குப் பொறுக்காது. எல்லோருக்கும் போட்டு முடித்துக் கடைசியில் தன் தட்டில் தானே வைத்துக்கொள்வார். காய்ச்சலில் கை நடுங்கியபோதும் அப்படித்தான். நம் வீட்டில் ஒரு ஆம்பிளை தானே போட்டுத் தின்றால், அந்த வீட்டில் பெண்பிள்ளை செத்துவிட்டாளா என்று கேட்பார்கள்.

“நான் வச்சுத் தரேனே, பாஜீ.”

“வேணாம். வேற கையால தின்னா நான் யாரு ஆளு? உன் ஆளா?”

கடகடவென்று சிரித்தார். இருந்தால்தான் என்ன என்று நாக்கு நுனிவரை வந்தது. ரசம் பொங்குகிறது என்று சொல்லி உள்ளே போய்விட்டேன்.

நர்கிஸ் புயலில் என் வீட்டுக் கூரை போனது. கட்டிய லோஞ்சியோடு எட்டு மைலுக்கு நடந்தே வந்தேன். தெருவெல்லாம் மரம் விழுந்து கிடந்தது. பாஜீ தெரு நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, அக்கம்பக்கத்து ஆம்பிளைகளை வைத்து மரம் அறுத்துக்கொண்டிருந்தார். டாக்டர், வியாபாரி, ரிட்டயர் ஆன அதிகாரி என்று அதுவரை அவரை ஏறிட்டும் பார்க்காதவர்கள், அவர் கை காட்டிய பக்கம் கயிற்றை இழுத்தார்கள். அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் கண்டதில்லை. எண்பதை நெருங்கும் மனிதர், பத்து வயது குறைந்தவராகத் தெரிந்தார். கரண்ட் வந்து, தெரு சுத்தமானதும் எல்லோரும் பழையபடி கதவைச் சாத்திக்கொண்டார்கள். அதற்குப் பிறகுதான் அவர் இளைக்கத் தொடங்கினார். வருடா வருடம் கேட்கும் அனுமதியை அந்த வருடமும் கேட்டார். புயல் வேலை முடியட்டும் என்றார்கள்.

அடுத்த வருடம் மலையில் காற்று மாறியது. மலைப் படைகள் எல்லாம் இனி அரசாங்கத் தொப்பியைப் போட்டு, அரசாங்க அதிகாரிக்குக் கீழே நிற்க வேண்டும் என்று மேலிடம் சொல்லிவிட்டது. பள்ளத்தாக்கில் பாஜீயின் இடத்தில் இருந்தவர் அவருடைய அக்கா மகன். அவர் சரி என்றார். ஆட்களில் பாதிப்பேர் மாட்டோம் என்றார்கள். இன்னும் யாரும் சுடவில்லை. ஆனால் பாதிப்பேர் ஆற்றுக்கு இந்தக் கரை, பாதிப்பேர் அந்தக் கரை என்று ஆகிவிட்டதாம்.

ஒரு சனிக்கிழமை அந்த மாட்டோம்காரர்கள் ஒரு வேன் நிறைய வந்தார்கள். பருப்பு வியாபாரிகள்போல் உடுத்தியிருந்தார்கள். மத்தியானம் முழுக்கக் கூடத்தில் பேச்சு. டீ கொண்டுபோன டிரைவர் அடுப்படிக்கு வந்து மூச்சு வாங்கினார்.

“கூட்டிட்டுப் போக வந்துருக்காங்க. வழியெல்லாம் ஏற்பாடு பண்ணியாச்சாம். நாளைக்கே கெளம்பலாங்கிறாங்க. அங்க போய் அவரு குதிர மேல ஏறி ஒக்காந்தாப் போதும், மத்தத நாங்க பாத்துக்கறோங்கிறாங்க.”

“இவரு என்ன சொன்னாரு?”

“நாளைக்கு மத்தியானம் சாப்பிட வாங்கன்னாரு.”

அவர்கள் போன பிறகு பாஜீ தன் கம்பளிக் கோட்டை எடுத்து வெயிலில் போடச் சொன்னார். யங்கூனில் அதற்கு வேலையே இல்லை, அடிப்பெட்டியில் கிடந்தது. அதை உதறிக் கொடியில் போடும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. அவர் வராந்தாவில் உட்கார்ந்து கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இப்ப அங்க குளிரும். செர்ரி மரம் பூத்திருக்கும்” என்றார். கொஞ்சம் கழித்து, “மருமவன நான்தான் குதிர ஏத்திப் பழக்கினேன். சின்னதுல விழுந்து விழுந்து அழுவான்” என்றார்.

“போயிட்டு வாங்க, பாஜீ” என்றேன். நம் வாயில் அதுதான் வரும். பஸ்ஸில் போகும்போது, முனீஸ்வரா, இவரை எப்படியாவது நிறுத்து என்று வேண்டிக்கொண்டேன். தாகேதா வருவதற்குள், ஐயோ பாவம், போகட்டும் விடு என்றும் வேண்டிக்கொண்டேன். சாமிக்கே தலை சுற்றியிருக்கும். கொண்டையைச் சரிசெய்வதுபோல் முகத்தை மூடிக்கொண்டு அழுதேன்.

ஞாயிற்றுக்கிழமை பெரிய பானையில் சோறு வடித்தேன். எல்லோரும் வந்து பாயில் உட்கார்ந்தார்கள். பாஜீ சவரம் செய்து, வெள்ளைச் சட்டை போட்டுப் பானைக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அகப்பையை எடுத்தார். சோற்றைக் கிளறினார். அப்படியே கொஞ்ச நேரம் ஆவியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

“ஏ புள்ள. இங்கிட்டு வா. நீ போடு.”

“பாஜீ, மொத அகப்பை…”

“தெரியும். போடு.”

அவர் என் கையைப் பிடித்து அகப்பையை வைத்தார். முதல் ஆள் விரல் இரண்டு இழந்த ஒரு கிழவர், பாஜீ பக்கம் நின்று சண்டை போட்டவராம். அவர் தன் தட்டை உள்ளங்கையால் மூடிக்கொண்டார். பாஜீ அவரைப் பார்த்து அவர்கள் மொழியில் ஏதோ சொன்னார். இரண்டு வாக்கியம்தான் இருக்கும், குரல் உயரவில்லை. என் பேரைச் சொல்லி இனி எவனும் துப்பாக்கி எடுக்கக் கூடாது, எனக்காக மருமகனைச் சுட எவனும் என் ஆளாக இருக்க வேண்டாம் என்று சொன்னதாக டிரைவர் பிறகு சொன்னார். கிழவர் வெகுநேரம் கையை எடுக்கவில்லை. எடுத்ததும் நான் சோற்றை வைத்தேன். அடுத்தவருக்கு வைத்தேன். அதற்கு அடுத்தவன் சின்னப் பையன், இருபதுகூட இருக்காது. அவன் என்னை வெறுப்போடு பார்த்தான். பார்க்கட்டும் என்று அவனுக்கும் வைத்தேன். குழம்பு, கீரை என்று யாரும் கேட்கவில்லை. குனிந்தபடி வெறும் சோற்றைத் தின்றார்கள்.

வேன் கிளம்பிப் போகும் சத்தம் கேட்டது. காவல்காரர்களில் ஒருவர் எட்டிப் பார்த்து, சீக்கிரம் போய்விட்டார்களே என்றார். கூடத்தில் பாஜீயும் நானும் பாதிப் பானைச் சோறும்தான்.

“நீங்க போயிருக்கலாம், பாஜீ. எவ்வளவு நாள் ஆசை” என்றேன். என் வேண்டுதல் பலித்துவிட்டது என்பதை என்னால் தாங்க முடியவில்லை.

“ஊரப் பாக்க என்னய விட மாட்டாங்க, புள்ள. சண்டையத்தான் காட்டுவாங்க.”

சொல்லிவிட்டுத் தன் தட்டை எடுத்தார். எப்போதும்போல் அகப்பைக்குக் கை நீட்டுவார் என்று நான் அதை அவர் பக்கம் நகர்த்தினேன். அவர் எடுக்கவில்லை. தட்டை என் முன்னால் நீட்டினார்.

“எனக்கும் போடு.”

எத்தனையோ வருடம் ஆசைப்பட்டது கைக்கு வந்தபோது எனக்கு அது வேண்டாம் என்று இருந்தது. வேண்டாம் பாஜீ என்றேன். அவர் தட்டை இழுத்துக்கொள்ளவில்லை. கை வலிக்கும் என்று தெரிந்தும் நீட்டியபடியே இருந்தார். அள்ளி வைத்தேன். கோழியும் கீரையும் வைத்தேன். ஒரு பருக்கை விடாமல் தின்றார். கொடியில் கிடந்த கோட்டை உள்ளே எடுத்துவைக்கச் சொன்னார்.

பானையைக் கழுவிக் கவிழ்க்கும்போது கேட்டேன்:

“அடுத்த ஞாயித்துக்கு எந்தப் பானைய எடுக்கட்டும்?”

“சின்னது” என்றார்.